ஒரு சாண் டியூப்

ஜனவரி 9

அண்ணா,

நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. நீ அனுப்பிய தைலம் வலியைப் போக்குகிறதோ இல்லையோ, வீடு முழுக்க நாறடிக்கிறது. உன் முதுகு எப்படி? அண்ணியும் பாப்பாவும் சுகம்தானே?

வண்டி வந்துவிட்டது. நீலம்தான் எடுத்தேன். கடைக்குள் நுழைந்ததுமே, "ஸ்கூட்டரெல்லாம் அந்தப் பக்கம்மா" என்று கையைக் காட்டினார்கள். மோட்டார் சைக்கிள்தான் வேண்டும் என்றேன். வீட்டுக்காரருக்கா என்று கேட்டான் ஒருத்தன். வீட்டுக்காரரே இன்னும் வரவில்லை, அவருக்கு எதற்கு வண்டி என்றதும் வாயை மூடிக்கொண்டு சாவியை எடுத்து வந்தான்.

என் வேலைக்கு இதுதான் சரி என்று நீ சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. காலை ஐந்தரைக்குக் கிளம்பி வீடு வீடாக ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, எட்டரைக்குள் பரிசோதனைக் கூடத்தில் சேர்க்க வேண்டும். பஸ்ஸை நம்பியிருந்தபோது பதினான்கு வீடுதான் முடிந்தது. நேற்று இருபத்திரண்டு. வெறும் வயிற்றோடு காத்திருக்கிறவர்களுக்குக் கோபம் மூக்குக்கு மேலேயே இருக்கும், உனக்குத் தெரியாதா. நேற்று ஒருத்தர்கூட என்னைத் திட்டவில்லை. எனக்கே என்னவோ போல் இருந்தது.

வண்டியோடு ஒரு கார்டுக் கட்டு கொடுத்தார்கள். ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம் கழித்து மார்க் போட்டு அனுப்ப வேண்டுமாம். அதைப் படிக்கிற ஆள் நீதான் என்று கடைக்காரனிடம் சொன்னேன். அவன் நம்பவில்லை.

உன் வாலு

•

ஜனவரி 17

வாலு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். முதுகு, நாற்காலியில் உட்காரும்போது வலிக்கிறது, எழுந்தால் இல்லை. எழுந்திருக்கத்தான் நேரமில்லை. ஒரு நாளைக்கு நூற்றைம்பது கார்டு. இருக்கை கட்டாந்தரை, ஹாரன் யாருக்கும் கேட்கவில்லை, மைலேஜ் சொன்னதைவிட நாலு குறைவு. இதெல்லாம் படித்துப் பெட்டி பெட்டியாகப் பிரித்து மார்க்கைக் கூட்டி மேலே அனுப்புவதுதான் திருப்திப் பிரிவின் வேலை. வாங்கினவர்களுக்குத் திருப்தியா இல்லையா என்று எங்களைக் கேட்டுத்தான் கம்பெனியே தெரிந்துகொள்கிறது. பெருமை அடித்துக்கொள்ளக் கூடாது, ஆனால் உண்மை அதுதான்.

முதல் ஐந்நூறு கிலோமீட்டர் நாற்பதுக்கு மேல் போகாதே. செயினுக்கு வாரம் ஒருமுறை எண்ணெய் விடு.

இன்னொரு காரியம். இதை இந்த ஞாயிற்றுக்கிழமையே செய். முன்விளக்குக்குப் பின்னால், ஹேண்டில் திரும்புகிற இடத்தில், கறுப்பு நாடா சுற்றிய ஒயர்க்கட்டு ஒன்று போகும். பழைய சைக்கிள் டியூபில் ஒரு சாண் வெட்டி, அதை நீளவாக்கில் பிளந்து, ஒயர்க்கட்டின் மேல் இறுக்கிச் சுற்றி நூலால் கட்டிவிடு. ஹேண்டிலை இடப்பக்கம் முழுக்கத் திருப்பிப் பார். ஒயர் எங்கேயும் உரசக் கூடாது. கடையில் செய்யச் சொல்லாதே. வேறு யாரிடமும் இதைப் பற்றிப் பேசாதே. கம்பெனி ஆளின் தங்கையே புது வண்டிக்கு ஒட்டுப் போடுகிறாள் என்று பேச்சு வரும். என் மனத் திருப்திக்குச் செய்கிறாய் என்று வைத்துக்கொள்.

கார்டை நேராக எனக்கே அனுப்பு. அம்மாவைக் குளிர்ந்த தரையில் உட்கார விடாதே.

அண்ணன்

•

பிப்ரவரி 20

அண்ணா,

அம்மா தரையில்தான் உட்காருகிறாள். நாற்காலியில் உட்கார்ந்தால் கீரை ஆய வரவில்லையாம். மற்றபடி இருவரும் சுகம். பாப்பாவுக்குப் பல் முளைத்துவிட்டதா?

நீ சொன்ன டியூப் வைத்தியத்தை அன்றைக்கே செய்துவிட்டேன். நீ சின்ன வயதில் புதுப் பென்சிலுக்கே நூல் சுற்றி வைத்தவன் ஆயிற்றே, உனக்கு இன்னும் அந்தக் கிறுக்குப் போகவில்லை. பரவாயில்லை, உன் திருப்திக்காக ஒரு டியூப் போனால் போகிறது.

இந்தக் கடிதத்தோடு ஒரு மாதக் கார்டும் இருக்கிறது. இழுவைக்கு ஒன்பது. பிரேக்குக்கு எட்டு. மைலேஜுக்குப் பத்து. இருக்கைக்கு நாலு போட்டிருக்கிறேன், அதற்கே நான் தாராள மனசுக்காரி. கடைசிக் கேள்வியை நீதான் எழுதினாயா? "உங்களுக்கு நெருங்கிய ஒருவருக்கு இந்த வண்டியைச் சிபாரிசு செய்வீர்களா?" செய்வேன் என்று கட்டத்தில் அழுத்திக் கோடு போட்டிருக்கிறேன். ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, ஒரு நாள்கூட வழியில் நிற்கவில்லை.

என்னோடு வேலை பார்க்கிற ஒருத்தி இருக்கிறாள். குருவி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். ஆள் அவ்வளவுதான் இருப்பாள், வாய் ஓயாது. ஆனால் ஊசி பிடித்தால் அவளுக்கு நிகர் அவள்தான். நான் மூன்று முறை குத்தியும் கிடைக்காத நரம்பை, பேசிக்கொண்டே கட்டை விரலால் தடவி ஒரே குத்தில் எடுத்துவிடுவாள். குழந்தைகள் வீடென்றால் அவளைத்தான் கேட்பார்கள். என் வண்டியையே சுற்றிச் சுற்றி வருகிறாள். கணவன் இல்லாமல் ஒரு பெண் குழந்தையை வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுகிறாள், பாவம்.

உன் வாலு

•

மார்ச் 2

வாலு,

நலம். பாப்பாவுக்குக் கீழே இரண்டு பல். கடிக்கிறாள்.

உன் கார்டையும், கடிதத்தில் அதைப் பற்றி எழுதிய பத்தியை மட்டும் பிரதி எடுத்தும் மேலாளரிடம் காட்டினேன். வேலைக்குப் போகிற பெண் ஒருத்தி, தினமும் நாற்பது கிலோமீட்டர் ஓட்டி, இப்படி எழுதியிருக்கிறாள் என்று அவர் சத்தம் போட்டுப் படித்தார். விளம்பரப் பிரிவுக்காரர்களும் வந்து ஒரு நகல் வாங்கிக்கொண்டு போனார்கள். உன் பெயர் வராது, கவலைப்படாதே. இந்த மாதக் கூட்டத்தில் எங்கள் பிரிவுக்குத்தான் பாராட்டு. துணை மேலாளர் பதவிக்கு என் பெயர் போயிருக்கிறது என்கிறார்கள். கிடைத்தால் இரண்டு அறை உள்ள குடியிருப்புக் கொடுப்பார்கள். அம்மாவிடம் இப்போதே சொல்லிவிடாதே.

டியூபை இறுக்கமாகத்தானே சுற்றினாய்? நூல் அறுந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடு.

அண்ணன்

•

ஏப்ரல் 14

துணை மேலாளர் அவர்களுக்கு,

பதவி கிடைத்த சேதியை அம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியுமா? பக்கத்து வீடு, எதிர் வீடு, தண்ணீர்க்காரன் வரைக்கும் சொல்லியாகிவிட்டது. முழங்கால் வலிகூட ஒரு வாரம் காணாமல் போயிருந்தது. இருவரும் நன்றாக இருக்கிறோம்.

ஒரு சண்டை போட வேண்டும் உன்னோடு. வண்டிக் கடைச் சுவரில் என் கடிதத்தைப் பெரிய எழுத்தில் அச்சடித்து மாட்டியிருக்கிறார்கள். "உயிர் காக்கும் பணியில் இருக்கும் என்னை இந்த வண்டி ஒரு நாளும் கைவிட்டதில்லை. ரத்தப் பரிசோதனைப் பெண் ஊழியர் ஒருவர்." நான் எப்போது அப்படி எழுதினேன்? இருக்கைக்கு நாலு மார்க் போட்டதை எந்த எலி தின்றது? ஒரு மாதம் நிற்கவில்லை என்றுதான் எழுதினேன், ஒரு நாளும் என்றால் ஆயுசு முழுக்க என்று ஆகாதா? படித்ததும் கொஞ்சம் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் பெருமையும் வந்தது, இல்லையென்று சொன்னால் பொய்.

அதைப் படித்துவிட்டுக் குருவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். இது நீங்கதானேக்கா என்றாள். போன வாரம் அவளும் வண்டி எடுத்துவிட்டாள். சிவப்பு. வாங்குவதற்கு முன்னால் என்னிடம் வந்து, எதையாவது பார்த்து வாங்க வேண்டுமா என்று கேட்டாள். "கண்ணை மூடிக்கிட்டு வாங்கு. எங்க அண்ணன் கம்பெனி" என்றேன். இப்போது இரண்டு பேரும் காலையில் ஒன்றாகக் கிளம்பி முச்சந்தியில் பிரிகிறோம். யார் முதலில் கூடத்துக்குத் திரும்புகிறோம் என்று போட்டி. நேற்று அவள்தான் ஜெயித்தாள்.

உன் வாலு

•

ஏப்ரல் 29

வாலு,

வீட்டில் யாவரும் நலம். புதுக் குடியிருப்பில் காற்று நன்றாக வருகிறது.

விளம்பரத்தில் நாலு வார்த்தை கூட்டிக் குறைப்பது வழக்கம், அதற்காகக் கோபிக்காதே. உன் சிநேகிதிக்கு என் வாழ்த்தைச் சொல்.

வேலை நிறைய. பிறகு எழுதுகிறேன்.

அண்ணன்

•

ஜூன் 3

அண்ணா,

அம்மா நன்றாக இருக்கிறாள். நான் நன்றாக இல்லை.

போன மாதம் இருபத்தாறாம் தேதி, காலை ஏழு மணி. குருவி சந்திலிருந்து பெரிய ரோட்டுக்கு இடப்பக்கம் திரும்பியிருக்கிறாள். குறுகின சந்து, ஹேண்டிலை முழுக்க ஒடித்துத்தான் திருப்ப முடியும். திருப்பின இடத்திலேயே எஞ்சின் அணைந்துவிட்டது. எதிரே பால் வண்டி. ஓட்டினவன் பிரேக் போட்டுவிட்டான், அவனைத் தப்பு சொல்ல முடியாது. நின்றுபோன அவள் வண்டி சாய்ந்து அவள் வலது கை மேலேயே விழுந்தது. மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்து, தகடு வைத்திருக்கிறார்கள். பெட்டியிலிருந்த பதினொரு பேரின் ரத்தமும் ரோட்டில் கொட்டிவிட்டது. கூட்டம் கூடி, அத்தனையும் அவள் ரத்தம் என்று நினைத்து அலறியிருக்கிறது.

கட்டை விரல் மடங்கவில்லை, அண்ணா. எந்த விரலால் நரம்பைத் தடவுவாளோ அந்த விரல். மூன்று மாதம் பார்க்கலாம் என்கிறார் டாக்டர். மூன்று மாதத்துக்கு, ரத்தம் பிடிக்கிற குழாய்களில் சீட்டு ஒட்டுகிற வேலை தருகிறேன், அதற்கு மேல் முடியாது என்கிறார் கூடத்து முதலாளி.

அவள் வண்டியை நம் தெரு மெக்கானிக்கிடம்தான் கொண்டுவந்தேன். முன்விளக்கைக் கழற்றினார். ஒயர்க்கட்டு உரசி உரசிச் செம்பு தெரிந்தது. இந்த மாடலில் இது நாலாவது வண்டி என்றார். அப்புறம் என் வண்டியைப் பார்த்தார். நான் வேண்டாம் என்பதற்குள் விளக்கைக் கழற்றிவிட்டார். டியூபைப் பார்த்துவிட்டு, கட்டியிருந்த நூலில் விரலை வைத்தார். "எந்த இடத்துல உரசுதுன்னு தெரிஞ்சவன்தாம்மா இப்படிச் சுத்த முடியும். யாரு சுத்துனது?" என்றார். விளக்கை மாட்டிக் கொடுங்கள் என்றேன்.

ஆஸ்பத்திரியில் குருவி என்னைக் கேட்டாள். "உங்க வண்டி மட்டும் எப்படிக்கா நிக்கவே இல்ல?" என் நல்ல நேரம் என்று சொன்னேன். உன் மானத்தைக் காப்பாற்ற, கையில் கட்டோடு படுத்திருக்கிறவளிடம் பொய் சொல்லிவிட்டு வந்தேன். இதற்கு மேல் ஒரு தங்கை என்ன செய்ய வேண்டும்?

உனக்கு ஜனவரியிலேயே எப்படித் தெரியும்? ஏப்ரலில் நீ எழுதின கடிதத்தில் வாழ்த்துக்குக் கீழே இரண்டு வரியை அடித்திருந்தாய். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தும் என்னால் படிக்க முடியவில்லை. அதில் என்ன எழுதியிருந்தாய்? உடனே பதில் போடு.

தங்கை

•

ஜூலை 15

அண்ணா,

ஆறு வாரம் ஆகிவிட்டது. உனக்கு உடம்பு சரியில்லையோ என்று அம்மா பயப்படுகிறாள். எனக்கு அந்தப் பயம் இல்லை.

குருவியால் பேனா பிடிக்க முடியாது என்பதால் அவளுக்காக நான் எழுதி, அவள் இடது கையால் கையெழுத்துக் கிறுக்கி, உன் கம்பெனிக்குப் பதிவுத் தபாலில் ஒரு புகார் அனுப்பியிருக்கிறோம். என் விலாசத்தைத்தான் கொடுத்திருக்கிறோம். அவள் ஓட்டத் தெரியாமல் விழுந்தாள் என்று கடைக்காரன் எழுதிக் கொடுத்துவிட்டான். இந்தக் குறை முன்பே தெரியும் என்று கம்பெனி ஒப்புக்கொண்டால் போதும், வைத்தியச் செலவும் நஷ்டஈடும் வாங்கிவிடலாம் என்று வக்கீல் சொல்கிறார். இல்லையென்றால் அவளுக்கு ஒன்றும் கிடைக்காது. தகடு எடுக்க இன்னொரு ஆபரேஷன் இருக்கிறது. அந்தக் கையை வைத்துக்கொண்டுதான் அவள் அந்தக் குழந்தையை வளர்க்க வேண்டும்.

புகார் உன் பிரிவுக்குத்தான் வரும். உன் மேஜைக்குத்தான் வரும். உண்மையை எழுது. நான் வேறு எதுவும் கேட்கவில்லை.

தங்கை

•

ஜூலை 28

மதிப்பிற்குரிய வாடிக்கையாளருக்கு,

வணக்கம். எங்கள் வாகனத்தின் மீது தாங்கள் வைத்துள்ள நம்பிக்கைக்கு எமது நிறுவனத்தின் நன்றி. தங்களுக்கு நேர்ந்த விபத்து குறித்து வருந்துகிறோம்.

தங்கள் கடிதம் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. தாங்கள் குறிப்பிட்டுள்ள குறைபாடு எங்கள் பதிவுகளில் இதுவரை இடம்பெறவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம். திருப்பங்களில் போதிய வேகக் கட்டுப்பாடும் முறையான பராமரிப்பும் அவசியம் என்பது உரிமையாளர் கையேட்டில் தெளிவாகக் கூறப்பட்டுள்ளது.

தங்கள் பயணம் இனிதாக அமைய வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
துணை மேலாளர்,
வாடிக்கையாளர் திருப்திப் பிரிவு

•

ஆகஸ்ட் 4

என் வாலு,

அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. தூக்கம் மட்டும் இல்லை.

அந்தப் பதிலில் கையெழுத்துப் போட்டவன் நான்தான். எழுதியவர்கள் சட்டப் பிரிவினர். டைப் அடித்துக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்கள். விலாசத்தைப் பார்த்தேன். நம் வீட்டு எண். கையெழுத்துப் போட்டேன்.

நீ கேட்டதற்குப் பதில். போன வருடம் டிசம்பர் வரைக்கும் அறுபத்திரண்டு கார்டுகளில் இதே புகார். இடப்பக்கம் திருப்பினால் அணைகிறது என்று. நான்தான் முதலில் எண்ணினேன், நான்தான் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். ஒயரை மாற்றுவதென்றால் விற்ற வண்டி அத்தனையையும் திரும்பக் கூப்பிட வேண்டும், இதைப் "பராமரிப்புக் குறைவு" என்ற பெட்டியில் போடு என்றார் மேலாளர். போட்டேன். அதனால் பதிவுகளில் இல்லை என்பது பொய்யும் இல்லை. இதை எழுதும்போது என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அப்படியிருந்தும் உன்னை ஏன் வாங்கச் சொன்னேன்? அந்த ஒரு குறையைத் தவிர வண்டி நல்ல வண்டி. டியூப் சுற்றினால் அதுவும் இல்லை. உன் கார்டில் ஒரு மார்க்கைக்கூட நான் திருத்தவில்லை, திருத்த அவசியமே வரவில்லை. சுற்றிய வண்டியை ஓட்டிவிட்டு நீ எழுதினாய், அதை வைத்துச் சுற்றாத வண்டிகளை விற்றார்கள். இது எனக்கு ஏப்ரலில்தான் உறைத்தது.

அடித்த இரண்டு வரி இதுதான்: "அவள் வண்டிக்கும் டியூப் சுற்றச் சொல். மறக்காதே." எழுதிவிட்டுப் பார்த்தால், கம்பெனி ஆள் தன் கைப்பட எழுதிய அத்தாட்சியாக இருந்தது. அடித்துவிட்டேன். உனக்கே தோன்றும் என்று நினைத்தேன்.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிட்டு, ஜனவரியில் நான் எழுதிய கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடு. அது வெளியே வந்தால் வேலையும் வீடும் போகும், வழக்கும் என் மேல் திரும்பும். அண்ணி மறுபடி முழுகாமல் இருக்கிறாள். எனக்காகக் கேட்கிறேன், ஆனால் எனக்காக மட்டும் இல்லை. அதைக் குருவியிடம் கொடுத்தால் கெட்டுப்போவது என் பெயர் மட்டும்தானா என்று கொஞ்சம் யோசி.

அண்ணன்

•

ஆகஸ்ட் 11

மிரட்டுகிறாயா?

அம்மா சுகம். நானும் சுகம். அண்ணி உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும். இதற்கு மேல் நலம் விசாரிக்க எனக்கு மனசு வரவில்லை.

நான் உன் தங்கையாம், அதனால் என் பெயரும் கெடுமாம். கெட்டால் கெடட்டும். அறுபத்திரண்டு பேர் எழுதி உன் மேஜையில் வைத்தார்கள், நீ பெட்டி மாற்றிப் போட்டாய். என் நல்ல வார்த்தையை எடுத்து ஊருக்கு விற்றாய். கடைசியில் உனக்கே தோன்றும் என்று நினைத்தேன் என்று பழியை என் தலையில் இறக்கி வைக்கிறாய். எனக்கு எப்படித் தோன்றும்? உன் கிறுக்கு என்றுதானே நினைத்தேன். விவரம் தெரிந்தவன் நீ.

சின்ன வயதிலிருந்து நீ என்னிடம் ஒரு பொய் சொன்னதில்லை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். போன கடிதத்தைக் கிழிக்கவில்லை. ஜனவரிக் கடிதமும் என்னிடம்தான் இருக்கிறது. நாளைக்கு அதைக் குருவியிடம் கொடுக்கிறேன்.

தங்கை

•

ஆகஸ்ட் 30

அண்ணா,

நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. நீ ஏன் கடிதம் போடவில்லை என்று தினமும் கேட்கிறாள். வேலை அதிகம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பன்னிரண்டாம் தேதி குருவி வீட்டுக்குப் போனேன். ரொம்ப நல்ல காரியம் செய்யப் போகிற மிதப்பில்தான் போனேன் என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன். சொந்த அண்ணனைக் காட்டிக்கொடுக்கிறேனே, இவளுக்காக எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கே என்மேல் இரக்கமாக இருந்தது. ஜனவரிக் கடிதத்தை அவள் இடது கையில் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் திரும்பி நின்று படித்தாள். டியூப் என்கிற இடத்துக்கு வந்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தாள். அப்புறம் மேலே தேதியைப் பார்த்தாள்.

"ஜனவரி" என்றாள்.

ஆமாம், கம்பெனிக்கு ஜனவரியிலேயே தெரிந்திருக்கிறது, இது போதும் வக்கீலுக்கு என்று நான் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டே போனேன். அவள் அதைக் கேட்கவே இல்லை.

"நான் ஏப்ரல்ல வந்து கேட்டேன். ஏதாவது பாத்து வாங்கணுமான்னு கேட்டேன்."

அப்போது அது ஒரு குறை என்றே எனக்குத் தெரியாது, அண்ணனின் கிறுக்கு என்று நினைத்தேன் என்றேன். அது சத்தியம்தான். அவளும் நம்பினாள் என்றுதான் நினைக்கிறேன். தலையை ஆட்டினாள். அப்புறம் கேட்டாள்.

"சரி. ஆஸ்பத்திரியில கேட்டேனே. அப்பவும் தெரியாதா?"

 மெக்கானிக் டியூபைக் காட்டின பிறகுதானே ஆஸ்பத்திரிக்குப் போனேன். எல்லாம் தெரிந்துகொண்டுதான் என் நல்ல நேரம் என்று சொன்னேன். உனக்காகச் சொன்ன பொய் என்று உனக்கு எழுதினேன். அவள் முகத்தைப் பார்த்தபோதுதான், பாதி எனக்காகவும் சொல்லியிருக்கிறேன் என்று புரிந்தது. "ஒரு சாண் டியூப். என்கிட்டயே பழைய சைக்கிள் ஒண்ணு கிடக்கு" என்றாள். அவ்வளவுதான்.  கடிதத்தை மடித்து, இது எனக்கு வேணும் என்று சொல்லி உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

நீ மிரட்டவில்லை என்று இப்போது தெரிகிறது. என்னைக் காப்பாற்றப் பார்த்தாயோ, உன்னைக் காப்பாற்றிக்கொள்ள என்னைப் பிடித்துக்கொண்டாயோ, எனக்குத் தெரியவில்லை. உனக்கும் தெரிந்திருக்காது. உன்மேல் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே, அது அப்படியே இருக்கிறது. குருவி போட்ட வழக்கு அடுத்த மாதம் விசாரணைக்கு வருகிறது. நான்தான் முதல் சாட்சி. இரண்டு கடிதத்திலும் உன் கையெழுத்தை அடையாளம் காட்டுவேன். அதற்குப் பிறகு, ஜனவரிக் கடிதம் வந்ததும் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று உன் கம்பெனி வக்கீல் என்னைக் கேட்பாராம். அதையும் மறைக்காமல் சொல்வேன்.

நேற்றுக் காலை என் பட்டியலில் ஒன்பதாவது வீடு அவளுடையது. தகடு எடுப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டிய ரத்தம். பட்டியல் போட்டவருக்கு எங்கள் விஷயம் தெரியாது. கதவைத் திறந்து அவளே நாற்காலி போட்டாள். நான் பெட்டியை இறக்கி, கையுறை மாட்டிக்கொண்டு, ரப்பர் பட்டையை எடுத்தேன். அவள் இடது கையை நீட்டினாள். பட்டையைக் கட்டப் போகும்போது கையை இழுத்துக்கொண்டுவிட்டாள்.

"வேற யாரையாவது அனுப்பச் சொல்லுங்க" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.

நான் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து வண்டியை உதைத்தேன். முதல் உதையிலேயே கிளம்பிவிட்டது.

தங்கை